சாயிப்பு உட்கார்ந்த பாறை

என் வீட்டு முன்னறையில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து, இது எந்த ஊர் என்று கேட்பார்கள். வருகிறவர்கள் என்றால் பெரிய கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். கேஸ் சிலிண்டர்காரர், சபையிலிருந்து காணிக்கைக் கவர் கொண்டுவரும் பெண், தேர்தல் வந்தால் கட்சிக்காரர்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். நாகர்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றேன். நம்ம ஊர்தான் என்று நான் பதில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாததற்குக் காரணம் இருந்தது என்பது எனக்கே இந்த வருஷம்தான் தெரிந்தது.

செம்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த பழைய வெள்ளைக்காரப் படம் அது. வண்ணம் கிடையாது, எல்லாம் கோடுதான். நெருக்கிப் போட்ட கோடு நிழல், விலக்கிப் போட்ட கோடு வெயில், கோடே போடாமல் விட்ட இடம் தண்ணீர். இடது பக்கத்தில் ஒரு மலை செங்குத்தாக எழும்பி, உச்சியில் ஒரு வெட்டு விழுந்து, வலது பக்கமாகச் சரிந்து இறங்குகிறது. அதன் கீழே குளம். குளக்கரையில் நான்கு கால் கல்மண்டபம். முன்னால் பனைகளுக்கு அடியில் ஒரு பெண், வழியே போகிற ஒருவனுக்கு ஓலைப்பட்டையில் பதனீர் கொடுக்கிறாள். படத்தின் கீழே ஆங்கிலத்தில், தெற்குத் திருவிதாங்கூரில் மலைகளின் காட்சி என்று இருக்கிறது. எந்த மலை, எந்தக் குளம் என்று சொல்ல அந்த மகராசன்களுக்குத் தோன்றவில்லை. இடது மூலையில் வரைந்தவனின் பெயரும் வலது மூலையில் செதுக்கியவனின் பெயரும் இருந்திருக்க வேண்டும். இரண்டையும் பூச்சி தின்றுவிட்டது. அதனால் வரைந்தவனை, வெள்ளைக்காரனுக்கு எங்கள் பக்கத்தில் சொல்கிற மாதிரி, சாயிப்பு என்றே சொல்லி வந்தோம்.

வந்தோம் என்கிறேனே, இன்னொருத்தி யாரென்று சொல்ல வேண்டும். அவள் எங்கள் பள்ளியின் டிராயிங் டீச்சர். மார்த்தாண்டத்துக்காரி, வாயைத் திறந்தால் பாதி மலையாளம் வரும். கணவன் சின்ன வயதிலேயே போய்விட்டான், ஒரே மகள். எனக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே சிநேகிதி அவள்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

படம் எங்களிடம் வந்ததே ஒரு கூத்து. எங்கள் சபைகளில் அறுப்பின் பண்டிகை அன்று ஏலம் நடக்கும். வாழைக்குலை, பலாச்சக்கை, சேவல், பூசணி என்று ஆளாளுக்குத் தங்கள் விளைச்சலைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவற்றை முற்றத்துப் பந்தலில் ஏலம் விடுவார்கள். ஆண்டவர் காரியம் என்பதால் விலை பெறாத பொருளையும் பெருந்தொகைக்கு எடுப்பது ஒரு கௌரவம். அந்த வருஷம் யாரோ பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்த படத்தை, சட்டத்தோடு கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். பூசணிக்கு வாய்கிழியக் கத்திய சபையார் படத்துக்கு வாயே திறக்கவில்லை. நான் பந்தல்காலுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். முன்வரிசையிலிருந்து, மைக் இரைச்சலில் யாருடையது என்று பிடிபடாத ஒரு குரல் கூட்டியது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது, நானும் கூட்டினேன். அந்தக் குரலும் விடவில்லை. சேவலின் விலையை எல்லாம் தாண்டிப் போனபிறகு, ஏலம் விட்டவர் சிரிப்பை அடக்கமுடியாமல் எங்கள் இரண்டு பேரையும் எழுந்து முகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். எழுந்து பார்த்தால் அது அவள். சபை முழுக்கச் சிரித்தது. படத்தைப் பங்கு போட்டுக்கொண்டோம். ஈஸ்டரிலிருந்து அறுப்பின் பண்டிகை வரை அவள் வீட்டுச் சுவரில், அங்கிருந்து அடுத்த ஈஸ்டர் வரை என் வீட்டுச் சுவரில்.

அதன் பிறகு எங்கள் சனிக்கிழமைகள் சாயிப்புக்குச் சொந்தமாகிவிட்டன. அவன் எங்கே உட்கார்ந்து வரைந்தான் என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் வேலை. படத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, பொதிச்சோறு கட்டிக்கொண்டு, வடசேரியில் பஸ் ஏறுவோம். தோவாளை, பூதப்பாண்டி, ஆரல்வாய்மொழி என்று ஒரு குளத்தையும் விடவில்லை. ஒவ்வொரு கரையிலும் நின்று தாளைத் தூக்கி மலைக்கு நேரே பிடித்துப் பார்ப்போம். நிலம் வாங்க வந்தவர்கள் என்று நினைத்து விலை சொன்னவர்கள் உண்டு. எனக்குக் கோபம் வரும். அவள் விலையை விசாரித்து, அதிகம் என்று பேரம் பேசிவிட்டுத்தான் நகர்வாள்.

படத்து மலையின் வெட்டு, சுசீந்திரம் பக்கத்திலிருந்து தினமும் பார்க்கிற மலையின் வெட்டு மாதிரியே இருந்தது. ஆனால் நாங்கள் பார்க்கிற மலைக்குச் செங்குத்து வலது பக்கம், சரிவு இடது பக்கம். அப்படியானால் சாயிப்பு மலையின் மறுபக்கத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். புவியியல் டீச்சர் சொன்னால் அப்பீல் ஏது? மறுபக்கத்தில் ரப்பர்த் தோட்டமும் முள்வேலியும் காடும்தான். குளமும் இல்லை, மண்டபமும் இல்லை. வனக்காவலர் ஒருவர் எங்களை மரியாதையாகத் திருப்பி அனுப்பினார். அன்றைக்கு எனக்கு எரிச்சலாகிவிட்டது. வெள்ளைக்காரன் கண்டதையும் கலந்து புளுகியிருக்கிறான் என்றேன்.

"வரஞ்சவன் கள்ளம் பறையமாட்டான் ஏட்டி," என்றாள் அவள். "வெட்டுனவனத்தான் நம்பப்பிடாது."

வெட்டினவன் மீது அவளுக்கு ஏற்கெனவே ஒரு வழக்கு இருந்தது. படத்தில் அந்தப் பெண் பதனீரை இடது கையால் நீட்டுகிறாள். நம் ஊரில் எவளாவது ஒரு மனுஷனுக்குக் குடிக்கக் கொடுப்பதை இடது கையால் கொடுப்பாளா? அவன் வேறு அதை இடது கையாலேயே வாங்குகிறான். லண்டனில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து செதுக்கியவனுக்குப் பீச்சாங்கை என்ற விவரம் எப்படித் தெரியும் என்று அவள் கேலி செய்வாள். படத்தைச் சுவர் மாற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் இந்தப் பேச்சு வரும், சிரிப்போம்.

பிறகு அவளுடைய மகளுக்குக் கனடாவில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. ஒரு வருஷம் பார்த்துக்கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று போனாள். படத்தை என் சுவரிலேயே விட்டுவிட்டுப் போனாள். ஒரு வருஷம் நீண்டது, அவள் வீட்டில் வாடகைக்கு ஆள் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம், அவளுக்கு அங்கே விடிந்ததும், போன் வரும். ஹலோ எல்லாம் கிடையாது.

"ஏட்டி, சாயிப்பக் கண்டியா?"

"இல்லட்டி."

அதன் பிறகுதான் மற்ற பேச்சு. இதற்காகவே நான் சனிக்கிழமைதோறும் தனியாகப் பஸ் ஏறினேன். பொதிச்சோற்றைத் தனியாகச் சாப்பிட்டேன். உள்ளதைச் சொன்னால், இடம் கிடைக்க வேண்டும் என்ற ஆசையை விட, கிடைத்துவிட்டால் அவள் கேட்க என்ன மிச்சம் இருக்கும் என்ற பயம் பெரிதாகிக்கொண்டு வந்தது. வாரம் முழுக்க நான் வாய் திறந்து பேசுகிற ஒரே பேச்சு அதுதான். சில நாள் பால் பாக்கெட்டைப் பார்த்து ஏதாவது சொல்லிப் பார்ப்பேன், குரல் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள.

போன் இரண்டு வாரத்துக்கு ஒன்றாகி, பிறகு மாதத்துக்கு ஒன்றாகியது. கடைசி சில அழைப்புகளில் சாயிப்பைப் பற்றிய கேள்வி வரவில்லை. பிள்ளைகள் பின்னால் கத்திக்கொண்டிருந்தன, அதனால் மறந்திருப்பாள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இந்த மே மாதம் சபையின் விடுமுறை வேதாகமப் பள்ளிக்குக் கைவேலை சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஊரில் இருந்தவரை அது அவளுடைய வகுப்பு. ஐயர் அம்மா, அதாவது போதகரின் மனைவி, என்னைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கோடு நேராக வராது என்று சொல்லியும் கேட்கவில்லை. உருளைக்கிழங்கைப் பாதியாக நறுக்கி, அவரவர் பெயரின் முதல் எழுத்தைச் செதுக்கி, மையில் தோய்த்து அச்சுக் குத்தும்படி பிள்ளைகளிடம் சொன்னேன். குத்தினார்கள். அத்தனை எழுத்தும் திரும்பி விழுந்தது. பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். எழுத்தைத் திருப்பிப் போட்டு வெட்ட வேண்டும் என்று அவள் ஒவ்வொரு வருஷமும் முதலிலேயே சொல்வது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதோடு சேர்ந்து அந்தப் பெண்ணின் இடது கையும் ஞாபகம் வந்தது.

அன்று எப்படி வீடு வந்தேன் என்று தெரியாது. படத்தைக் கழற்றிக்கொண்டுபோய் பீரோ கண்ணாடிக்கு முன்னால் பிடித்தேன். அந்தப் பெண் வலது கையால் பதனீர் கொடுத்தாள். அவன் வலது கையால் வாங்கினான். அவர்களுக்குப் பின்னால், வலது பக்கம் செங்குத்தாக எழும்பி இடது பக்கம் சரிந்து, பணிக்காலம் முழுக்க நான் பஸ் ஜன்னல் வழியே பார்த்த மலை நின்றது.

செம்புத் தகட்டில் செதுக்குகிறவன் படத்தைத் திருப்பிப் போட்டுத்தான் செதுக்க வேண்டும். எங்கள் ஆள் சோம்பேறியோ அவசரக்காரனோ, சாயிப்பு வரைந்ததை அப்படியே வெட்டிவிட்டான். அச்சில் ஊரே இடம் வலமாகிவிட்டது. கீழே உள்ள எழுத்து மட்டும் நேராக இருந்ததால்தான் நாங்கள் ஏமாந்தோம். எழுத்து வெட்டுவதற்கு அந்தக் காலத்தில் வேறு ஆள் இருப்பான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அவனுக்கு அவன் வேலை தெரிந்திருந்தது.

மறுநாளே போனேன். சுசீந்திரத்தில் இறங்கி, வயல் வரப்பில் நடந்து, நான்குவழிச் சாலையின் மேட்டை ஒட்டிப் போனால், சாலை பாதியைத் தின்றது போக மிச்சமிருக்கும் ஒரு குளம். கரையில் மண்டபம் இருந்தது. தூண்களில் யாருக்கோ கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். பனைகள் இல்லை. எதிரே ஒரு தட்டைப் பாறை. அதன் மேல் உட்கார்ந்து பார்த்தேன். மலை, வெட்டு, சரிவு, தண்ணீர், மண்டபம், எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. ஜெராக்ஸ் தாளை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்து, பின்பக்கமாகப் பார்த்தேன். கோட்டுக்குக் கோடு சரியாக இருந்தது.

சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். எழுந்து நின்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. லாரிகள்தான் போய்க்கொண்டிருந்தன. சாயிப்பைப் பற்றி நினைத்தேன். வெயிலில் இதே பாறையில் உட்கார்ந்து, பாஷை தெரியாத ஊரில், ஒரு பெண் பதனீர் கொடுத்ததைக் கவனித்து, எந்தக் கை என்பது வரை பிழையில்லாமல் வரைந்தவன். அவன் அந்த அச்சைக் கண்ணால் பார்த்திருப்பானா? பார்த்திருந்தால் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பான், இது இப்படி இல்லை என்று? அவனோடு இந்தக் குளத்தைப் பார்த்தவர்கள் ஒருத்தர்கூட லண்டனில் இருந்திருக்கமாட்டார்கள். எனக்கு அவன் மேல் பாவமாக இருந்தது.

அவளுக்கு நானாகப் போன் செய்யவில்லை. அவள் கேட்க வேண்டும், கேட்டதும் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். சொன்னால் கேள்வி முடிந்துவிடும் என்பது தெரியும். முடிந்தாலும் பரவாயில்லை, அவள் கூச்சல் போட்டுச் சிரிப்பதை ஒரு தடவை கேட்டால் போதும் என்று தோன்றியது. நான் சொன்னேனே வெட்டுனவனத்தான் நம்பப்பிடாதுன்னு, என்பாள். அதை அவள் சொல்கிற மாதிரி நானே பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மாதக் கடைசியில் போன் வந்தது. பேரப்பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு, அவளுடைய முழங்கால் வலி, அங்கே சீனிக்கிழங்கு கிடைக்கிற கடை. நான் ம் போட்டுக்கொண்டே காத்திருந்தேன். பிள்ளைகள் எழும்பிவிட்டன, வைக்கட்டுமா என்றாள். கேட்கவில்லை. அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஏட்டி, சாயிப்பக் கண்டாச்சு," என்றேன்.

"எந்தச் சாயிப்பு?"

படம், நம்ம படம், என்று சொன்னேன்.

"ஓ, அதா. நீ இன்னும் அத விடலியா?" என்று சிரித்தாள். அன்பான சிரிப்புதான், குறை சொல்லமுடியாது. எங்கே இருந்தது என்று கேட்டாள், சுசீந்திரம் என்றேன். நல்லது என்றாள். உடம்பைப் பார்த்துக்கொள், வெயிலில் அலையாதே என்றாள். இடது கையைப் பற்றிச் சொல்லத் தொடங்குவதற்குள் ஒரு பிள்ளை அழுதது, வைத்துவிட்டாள்.

அழுதேன். சத்தம் போட்டே அழுதேன், கேட்க யாருமில்லை என்பதால் அதற்குத் தடையில்லை. பிறகு முகத்தைக் கழுவிவிட்டு, கண்ணாடியில் பிடித்துப் பார்ப்பதற்காகக் கழற்றியதிலிருந்து பீரோவில் சாய்ந்தபடி கிடந்த படத்தைத் துடைத்து, பழைய ஆணியிலேயே மாட்டினேன். எங்கள் பங்குக் கணக்குப்படி இது அவள் வீட்டுச் சுவரில் இருக்க வேண்டிய மாதம்.