கல்லூரிக்கு ஆள் சேர்க்கப் போன நாள்

2025 மே 12, திங்கட்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி, பால் காய்ச்சி, இரண்டு பேருக்கு எலுமிச்சை சாதம் கட்டி முடித்தபோது ஏழு நாற்பது. எட்டே முக்காலுக்குக் கல்லூரியில் கையெழுத்துப் போட்டேன்.

எங்களுடையது சிறிய தனியார் கலைக் கல்லூரி. பத்தொன்பது வருடங்களாக அங்கே வரலாறு நடத்துகிறேன். கோடை விடுமுறையில் எங்களுக்கு வேறு வேலை. பிளஸ் டூ முடிவு வந்ததும் ஆசிரியர்கள் இருவர் இருவராக ஊர்களுக்குப் போய், வீடு வீடாக ஏறி இறங்கி மாணவர் சேர்க்க வேண்டும். அன்று எனக்கும் வணிகவியல் ஆசிரியைக்கும் பாப்பாரப்பட்டிப் பக்கம்.

நான்காவது வீட்டுக்கு நாங்களாகப் போகவில்லை. எங்கள் கல்லூரி நோட்டீஸில் இருந்த எண்ணுக்கு முந்தின நாள் அந்த வீட்டிலிருந்து அழைப்பு வந்திருந்தது. தகப்பனார் தக்காளி லோடு ஆட்டோ ஓட்டுபவர். உட்கார நாற்காலி போட்டு, மோர் கொடுத்தார்கள். பெண் கதவோரம் நின்றாள். வரலாற்றில் தொண்ணூற்று மூன்று மதிப்பெண்.

"நோட்டீசுல எல்லாக் காலேஜுந்தான் நல்ல காலேஜு. நீங்க மனசுல இருக்கறதச் சொல்லுங்க மேடம். உங்க காலேஜு எப்புடி?" என்று அவர் கேட்டார்.

மழுப்பிப் பேச எனக்கு வராது. கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்னேன். எங்கள் துறையில் இரண்டே ஆசிரியர்கள். நூலகத்துக்குப் புதுப் புத்தகம் வந்து நாலு வருடம் ஆகிறது. வேலைக்கு ஆள் எடுக்கக் கம்பெனிகள் வருவதில்லை. தருமபுரி அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் அதுவே மேல். வணிகவியல் ஆசிரியை என் காலை மிதித்தார்.

"ரெண்டு பஸ்சு மாறி அவ்ளோ தூரம் தனியா அனுப்ப மாட்டேங்க" என்றார் தகப்பனார்.

அவர் மனைவி உள்ளிருந்து கேட்டார்: "உங்க புள்ளைங்க எங்க படிக்குதுங்க மேடம்?"

"ஒரே பையன். கோயம்புத்தூர்ல படிக்கிறான்."

தகப்பனார் சிரித்தார். "ஓட்டல்காரங்களே சாப்புடாத ஓட்டல்ல நம்மளக் கை நனைக்கச் சொல்றாங்க பாரு!" பிறகு மனைவியிடம், "அப்ப ஓசூர் கம்பெனிக்கே வேலைக்குப் போவட்டும். அவ அத்தப் பொண்ணு அங்கதான இருக்குது" என்றார்.

திரும்பும்போது அந்தப் பெண் தெருமுனை வரை கூடவே வந்தாள்.

"போன் பண்ணது நாந்தாங்க மேடம். நீங்க வந்து பேசுனா அப்பா ஒத்துக்குவாருன்னு நெனச்சேன். காலேஜு பஸ்சு வூட்டாண்டயே வருதில்லீங்களா, அத ஒண்ணச் சொல்லியிருந்தாக்கூட…"

அவள் அழவில்லை. துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே திரும்பிப் போனாள்.

"அரிச்சந்திரன் வூட்டுல பொறந்தீங்களா நீங்க? இனிமே என்னப் பேச வுடுங்க" என்றார் வணிகவியல் ஆசிரியை.

நான் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் எங்கள் கல்லூரியை மற்றக் கல்லூரிகளின் பக்கத்தில் வைத்துத்தான் எடைபோட்டிருந்தேன். அந்தப் பெண்ணுக்கு வேறு கல்லூரியே இல்லை என்பது என் கணக்கில் வரவில்லை. முதலாண்டில் தன் பெயரைச் சத்தமாகச் சொல்லக் கூசிய என் மாணவி ஒருத்தி இன்று நல்லம்பள்ளியில் அரசு அலுவலகம் ஒன்றில் மனு வாங்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். கல்யாணம் நிச்சயமான பிறகும் மூன்றாம் ஆண்டை முடித்தே தீருவேன் என்று மாப்பிள்ளை வீட்டில் பேசி வென்றவள் இன்னொருத்தி. இருவரும் அந்தப் பழைய நூலகத்தில் படித்தவர்கள்தான். இவர்களைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை என்பது உண்மை. கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்லும் பழக்கத்தை இத்தனை நாள் நேர்மை என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் எழுந்ததும், மோட்டார்கூடப் போடாமல், அந்தப் பெண்ணின் தகப்பனாருக்குப் போன் செய்தேன். ஐந்து இருபது. வண்டி ஓடும் சத்தம் கேட்டது. நேற்றுச் சொல்லாமல் விட்டதையெல்லாம் சொன்னேன். பஸ் வாசலுக்கே வரும் என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"நேத்து சாயங்காலமே கம்பெனிக்குப் பேரு குடுத்துட்டமுங்க மேடம். நாளைக்கு வேன் வருது. உங்க மேல ஒண்ணும் வருத்தமில்லீங்க. நீங்க உள்ளதத்தான சொன்னீங்க" என்றார்.