லேகியத்தில் இல்லாத குரங்கு

இன்று குன்னூர் மார்க்கெட்டில், நாட்டு மருந்துக் கடைக்குச் சுக்கு வாங்கப் போயிருந்தேன்.

எனக்கு முன்னால் மஃப்ளர் சுற்றிய ஒருவர். "ஏனுங்க, கருங்குரங்கு லேகியம் ஒரு டப்பா குடுங்க. என்ற இளைப்பு அதுக்குத்தான் கேக்குது."

கடைக்காரர் பதறிவிட்டார். "சத்தமாக் கேக்காதீங்க, ஃபாரஸ்ட்காரங்க காதுல விழுந்தா வம்பு. டப்பா மேல படம் மட்டுந்தானுங்க குரங்கு. உள்ள வெறும் வெல்லமும் திப்பிலியும்."

"எப்ப இருந்துங்க?"

"நான் கடைக்கு வந்த நாள்ல இருந்தே அப்பிடித்தானுங்க."

மஃப்ளர்காரர் டப்பாவைத் திருப்பி வைத்தார். அத்தனை வருடம் வெல்லத்துக்கு அடங்கியிருந்த இளைப்பு, அங்கேயே ஆரம்பித்துவிட்டது. மூச்சு வாங்க என் பக்கம் திரும்பினார்.

"ஒரிஜினல் எங்கீங்க கெடைக்கும்? நீங்க எந்தப் பக்கம்?"

எங்கள் எஸ்டேட்டை ஒட்டிய சோலையில் கருங்குரங்கு ஒரே ஒரு கூட்டம்தான் மிச்சம். இலையும் தளிரும் தின்றுகொண்டு, யார் வழிக்கும் வராமல் இருக்கிறது. இப்படி ஒரிஜினல் கேட்டவர்களுக்காகச் சுட்டது போக மிஞ்சிய கூட்டம். சுற்றிலும் தேயிலை, தாவிப் போக அடுத்த காடு இல்லை.

"டவுனுங்க" என்றேன்.

மஃப்ளர் சுற்றிய ஒருவர் உங்களிடம் விசாரித்து வந்தால், அந்த டப்பாவில் குரங்கு இருக்கிறது என்றே சொல்லிவிடுங்கள்.