பாவு நீட்டிய தெருவில் என் சைக்கிள்

ஆரணிக்குக் குடிவந்த புதிதில், மலை தெரியும் நல்ல சைக்கிள் பாதை எது என்று யாரையும் கேட்கக் கூச்சப்பட்டேன். தினமும் காலையில் ஒரு புதுத் தெருவுக்குள் புகுந்து பார்ப்பேன்.

ஒருநாள் வேகமாகத் திரும்பியபோது, நெசவுக்கான பட்டு இழைகளைப் பாவாகத் தெரு நீளத்துக்கும் இழுத்துக் கட்டியிருந்தார்கள். பிரேக் பிடித்துச் சுவரில் மோதினேன். முழங்கை சிராய்த்தது. இழைகளுக்கு ஒரு சாண் தள்ளிச் சக்கரம் நின்றது.

"பாவு போட்டுகினு இருக்கோம், இவ்ளோ ஜல்தியா வர்றீங்களே. அறுந்தா மூணு சேலை போச்சுங்க," என்றார் அங்கிருந்த ஓர் அம்மா.

"மலை தெரியுற ரோடு தேடிக்கிட்டு இருந்தேன்."

"அதை எங்க தெருவுலயா தேடுவீங்க? கண்ணமங்கலம் பக்கம் போங்க, மலை கூடவே வரும்."

போனேன். அவர் சொன்னபடியே மலை வந்தது, மூச்சும் வாங்கியது.

கூச்சம் இன்னும் போகவில்லை. ஆனாலும் புது வழியில் இறங்கும் முன், காலையில் அங்கே என்ன வேலை நடக்கும் என்று டீக்கடையில் கேட்டுவிடுகிறேன்.