முனியாண்டிக்குப் பாட்டில் தண்ணீர்

புக்கிட் பெலண்டோக் பக்கத்து எஸ்டேட்டில் செல்லம் முதலில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தாள். ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை வைத்த பிறகு உதிர்ந்த பழம் பொறுக்கினாள். வருஷா வருஷம் முனியாண்டி திருவிழாவுக்குக் கரகம் எடுப்பவளும் அவள்தான். கரகத்துக்கு மலைக்காட்டு ஓடைத் தண்ணீர்தான் மொள்ள வேண்டும். வேறு தண்ணீர் ஆகாது. எங்கள் வழக்கம் அது.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் முழுக்கக் குடித்ததும் அந்த ஓடையைத்தான். பெய்த மழையையெல்லாம் காடு வேரில் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. ஓடையிலிருந்து வந்த குழாய் வறட்சியிலும் நின்றதில்லை.

காட்டை வெட்ட வந்த குத்தகைக்காரன் லோரி போக லயத்து வழியாகப் பாதை கேட்டான். கோயில் தலைவர் தர்மராஜ் பதிலுக்கு என்ன கேட்டார் தெரியுமா? கோயில் மரத்தை மட்டும் வெட்டக்கூடாதாம், கூரைக்குப் புது ஓடு வேண்டுமாம். அவன் சிரித்துக்கொண்டே சம்மதித்தான். மலையையே தூக்கிக் கொடுத்துவிட்டு, ஒரு மரத்தைக் காப்பாற்றியதற்காக அவனுக்கு மாலை போட்டார்கள். தூ!

அடுத்த மழைக்கே மலை மண் ஓடைக்குள் சரிந்தது. குழாயைத் திறந்தால் கொழகொழவென்று மஞ்சள் சேறு. செத்த மீன் நாற்றத்தில் சோறு இறங்கவில்லை. காய்ச்சி வடிகட்டிக் குடித்தும் செல்லத்தின் மகள் மோகனா வாந்திபேதியில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இந்த வருஷக் கரகம் அவளுக்காக நேர்ந்துகொண்டது.

திருவிழாவன்று தர்மராஜ் ஒரு பெட்டி மினரல் வாட்டரோடு ஓடைக்கரையில் நின்றார்.

"அக்கா, இத ஊத்திக்குங்க லா. சாமிக்குப் போயி இந்தச் சேத்தையா கொண்டு போறது?"

செல்லம் பெட்டியையும் ஓடையையும் மாறி மாறிப் பார்த்தாள். வழக்கத்தை மீறினால் சாமி குற்றம்; சேற்றைச் சுமந்தாலும் குற்றம். மகள் உயிரல்லவா நடுவில் நிற்கிறது.

"நாங்க குடிச்சப்ப எங்க போச்சு ஒங்க பாட்டிலு?" என்றவள் குனிந்து ஓடையிலேயே மொண்டாள்.

கோயிலில் குத்தகைக்காரன் சந்தனம் பூசிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். பூசாரி தயங்கித் தயங்கிக் கரகத்தைச் சாய்த்தார். முனியாண்டியின் கண்ணிலும் மீசையிலும் சேறு வழிந்தது. ஒருவரும் குலவையிடவில்லை.

தர்மராஜ் அவசரமாக ஒரு பாட்டிலைத் திறந்து சிலையைக் கழுவப் போனார். செல்லம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கழுவ வேணாம் தம்பி. மோகனா வயித்துக்குள்ள போனத யாரு கழுவுனா?"