இடப்பக்க இருக்கை

எங்கள் புக்கிட் பாத்தோக் வீட்டின் கூடத்தில், தொலைக்காட்சிக்கு எதிரே, ஒரு கார் இருக்கை பல ஆண்டுகளாக இருந்தது. கறுப்புத் துணி, சிவப்பு நூல் தையல், உட்காருகிறவரின் இடுப்பையும் தோளையும் இரு பக்கமும் அணைத்துப் பிடிக்கும்படி உயர்ந்த விளிம்புகள், தலைசாயும் இடத்துக்குக் கீழே பெல்ட் நுழைய இரண்டு நீளத் துளைகள். பந்தயக்காரர்கள் உட்காருகிற வகை. கனத்த ஒட்டுப்பலகை ஒன்றில் போல்ட் போட்டு முடுக்கியிருந்தது. ஆனால் அது எந்தக் காரிலும் ஒரு முழத் தூரம்கூடப் போனதில்லை. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் ஏதாவது கேட்காமல் இருக்கமாட்டார்கள். என் மனைவி காய்ந்த துணிகளை அதில் குவித்துவைப்பாள். பேரப்பிள்ளைகள் அதற்காகச் சண்டை போடுவார்கள். நான் மட்டும் அதில் உட்கார்ந்ததில்லை. முதுகுவலி என்று சொல்லிவைத்திருந்தேன்.

அதை எனக்கு அனுப்பியவள் என் அக்கா. ஜோடியாக வாங்கியதில் ஓட்டுநருக்கு உரிய வலப்பக்க இருக்கையைத் தான் வைத்துக்கொண்டு, பக்கத்தில் வருகிறவருக்கு உரிய இடப்பக்க இருக்கையை ஒரு லாரியில் ஏற்றி என் வீட்டுக்கு அனுப்பினாள். கூட ஒரு வார்த்தையும் அனுப்பவில்லை. ஏன் எனக்கு, அதிலும் ஏன் இடப்பக்கம் என்று நான் யோசித்த நேரம் கொஞ்சமல்ல. கழற்றிப் பார்த்து எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் சிறுவயதிலிருந்து என் பழக்கம். சைக்கிள், ரேடியோ, கப்பல்பட்டறையில் சேர்ந்த பிறகு கப்பலின் அடித்தட்டு என்று எதையும் நான் விட்டுவைத்ததில்லை. இந்த ஒரு கேள்வியைத்தான் கழற்ற முடியவில்லை. கழற்றப் பயந்தேன் என்பதே சரி.

அக்கா உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பித்தவள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி அதில் கடைசிவரை நின்றாள். ஓய்வுபெற்ற கையோடு ஒரு கார் வாங்கினாள். கூரையைத் திறந்து மடக்கிக்கொள்ளக்கூடிய, இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் போகும் சின்னப் பச்சை நிற ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார். வாங்கும்போதே அது பழசு. "ரெண்டே சீட்டா? சாமான எங்க வைப்ப?" என்று கேட்டேன். "நான் என்ன காய்கறி வியாபாரமா பண்றேன்? நான் இருக்கேன், பக்கத்துல ஒரு ஆளு. போதாதா?" என்றாள்.

அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் எதற்கும் என்னிடம்தான் கேட்பார்கள். எந்தக் குளிர்சாதனப் பெட்டி, எந்தக் காப்புறுதி, எந்த மாடியில் வீடு என்று எல்லாவற்றுக்கும் பொறியாளர் தம்பியின் ஒப்புதல் அக்காவுக்கும் வேண்டியிருந்தது. காரை மட்டும் என்னைக் கேட்காமல் வாங்கினாள். அது எனக்குள் தைத்தது. இன்னொன்றும் உண்டு. படிக்கிற காலத்தில் அப்படியொரு காரின் படத்தைப் புத்தக அட்டையின் உள்பக்கம் ஒட்டிவைத்திருந்தவன் நான். பிறகு குடும்பம் வந்தது, நான்கு கதவு வைத்த சாம்பல் நிறக் கார் வந்தது. ஆசைப்பட்டவன் நான், ஓட்டுகிறவள் அக்கா. இதற்குப் பொறாமை என்று பெயர். அன்றைக்கு நான் அதை அக்கறை என்று சொல்லிக்கொண்டேன்.

"வாடா, சாங்கி வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம். கூரையத் தொறந்து விடுறேன்" என்று ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் கூப்பிடுவாள். பள்ளியை விட்ட பிறகும் அவளுக்கு நாட்கணக்கு பள்ளி விடுமுறைகளில்தான் ஓடியது. வெயில் என்றேன், முதுகு என்றேன், வேலை என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். நான் மேல்மாடி நடைபாதையில் நின்று, கீழே அந்தப் பச்சைக் கார் வளைந்து வெளியேறி மறைகிற வரைக்கும் பார்ப்பேன்.

சில ஆண்டுகள் ஓடிய பிறகு காரின் இருக்கைகள் தளர்ந்துவிட்டன. உள்ளிருந்த பஞ்சு அமுங்கிப்போய், குள்ளமான அக்கா அதற்குள் புதைந்துபோனாள். தலையணை வைத்து ஓட்டிப் பார்த்தாள். முதுகு பிடித்துக்கொண்டது. அதே ஆண்டு கார் உரிமையின் காலக்கெடுவும் முடிய இருந்தது. இந்த நாட்டில் பெருந்தொகை கட்டி அதைப் புதுப்பித்தால்தான் வண்டியை வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் ஒப்படைத்துவிட வேண்டும். அக்கா தெளிவாகச் சொன்னாள்: "நல்ல ஸ்போர்ட்ஸ் சீட்டா ரெண்டு பாத்து வாங்கி வச்சிருக்கேன். அது சரியா உக்காந்துச்சுன்னா புதுப்பிச்சுடுவேன். உக்காரலன்னா வண்டியக் குடுத்துடுவேன். நீ வந்து பாத்துச் சொல்லு." கார் விஷயத்தில் அவள் என்னைக் கேட்ட முதல் கேள்வி அது.

காக்கி புக்கிட்டில் ஒரு மாடிப் பட்டறை. நடத்தியவர் எங்கள் வயதை ஒட்டிய சீனர். முதலாளி என்ற பொருளில் அக்கா அவரைத் தவுக்கே என்று கூப்பிடுவாள், இருவரும் மலாயில் பேசிக்கொள்வார்கள். பொறாமையோடு போனவன்தான் என்றாலும் வேலை தொடங்கியதும் எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோனது என்பதையும் சொல்ல வேண்டும். பழைய இருக்கையைத் தூக்கியதும் கம்பளத்தின் மேல் கொண்டை ஊசிகள், கடற்கரை மணல், ஒரு சாக்குக்கட்டித் துண்டு. ஸ்போர்ட்ஸ் இருக்கையை வாங்கிவந்து அப்படியே வைத்துவிட முடியாது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்தந்தக் காரின் தரைத் துளைகளுக்கு ஏற்ற இரும்புச் சட்டம் தனி. அதன் மேல் முன்னும் பின்னும் நகர்த்தும் தண்டவாளம், அதன் மேல் இருக்கை. சின்னக் கார் என்பதால் ஒரு பக்கம் கதவு இடித்தது, மறுபக்கம் கியர் பெட்டியின் மேடு இடித்தது. சட்டத்தை ஒரு விரல் தள்ளி வைத்தார்கள். போல்ட்டை முடுக்காமல் அக்காவை உட்காரவைத்தார்கள். கிளட்ச் எட்டியது, ஆனால் முன்னால் சாலை தெரியவில்லை. பின்பக்கம் வளையங்கள் கொடுத்து உயர்த்தினார்கள்.

"கொண்டை இடிக்குது, தவுக்கே" என்றாள் அக்கா. அவருக்குப் புரியவில்லை. கையால் காட்டினாள். அவர் தலைசாயும் பகுதியைத் தடவிப் பார்த்து, அவள் கொண்டையைப் பார்த்து, இந்தச் சீட்டு செய்கிறவர்கள் யாரும் இதை எதிர்பார்த்திருக்கமாட்டார்கள் என்று மலாயில் சொன்னார். அக்கா கொண்டையை அவிழ்த்துப் பின்னலாக முன்னால் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். விளிம்புகள் அவளை இருபுறமும் பிடித்துக்கொண்டன. ஸ்டியரிங்கில் கை வைத்து, கண்ணாடி வழியே முன்னால் பார்த்தாள். பட்டறைச் சுவர்தான் தெரிந்திருக்கும். முகத்தில் அப்படியொரு ஒளி. நான் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டேன்.

பிறகு இறங்கி, என்னிடம் சொன்னாள்: "முடுக்குறதுக்கு முன்னால கீழ போய்த் தரையப் பாருடா. பழைய வண்டி. நீ சொன்னா எனக்குத் திருப்தி." வண்டியை உயர்த்திப் பிடிக்கும் தூக்கியில் ஏற்றினார்கள். கப்பல்பட்டறையில் இரும்புத் தகட்டைச் சுத்தியலால் தட்டிக் கேட்பது என் தொழிலின் பாதி. நல்ல தகடு கணீரென்று பேசும். துரு உள்ளே தின்றிருந்தால் சத்தம் செத்து, சொத்தென்று கேட்கும். போல்ட் வரும் இடங்களை ஒவ்வொன்றாகத் தட்டினேன். எல்லாம் கணீரென்றது. மேலே கொஞ்சம் பழுப்பு பூத்திருந்தது, அவ்வளவுதான்.

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "அரிச்சிருக்கு அக்கா" என்றேன்.

"வெல்டிங் பண்ணலாமா?"

"பிரயோசனம் இல்ல. தரை முழுக்கப் போயிருக்கு. எங்கயாவது இடிச்சா, சீட்டோட சேர்ந்து நீயும் பிடுங்கிட்டுப் போவ."

தவுக்கே என்னைப் பார்த்தார். அந்தத் தரையை அவர் என்னைவிட நன்றாக அறிவார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா கையை லேசாகத் தூக்கி, "தாக் அப்பா, தவுக்கே" என்றாள். பரவாயில்லை, விடுங்கள் என்று மலாயில் சொல்வது அது. அவருக்கு ஆறுதலாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

பழைய இருக்கைகளையே திரும்ப மாட்டி ஓட்டிப்போனாள். கெடு முடிந்த அன்று, என்னைக் கூப்பிடாமல், தானே கொண்டுபோய் ஒப்படைத்தாள். அதன் பிறகு வெகுநாள் என் தொலைபேசி அழைப்புகளுக்கு ஒரு வரியில் பதில் சொன்னாள். தீபாவளிக்கு வந்தவள் சாப்பிட்ட கையோடு கிளம்பினாள். அடுத்து அந்த இருக்கை வந்தது. அவள் கோபம் தீர்ந்து எனக்குப் பரிசு அனுப்பியிருக்கிறாள் என்று மனைவியிடம் சொன்னேன். நானும் அதை நம்ப முயன்றேன்.

இப்போது அக்காவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. காத்தோங்கில் தனியாக இருக்கிறாள். மாதத்தில் சில ஞாயிறுகளில் அவளைத் தேக்கா சந்தைக்கு அழைத்துப்போவது என் வேலை. அண்மையில் அப்படிப் போனபோது அவள் ஒரு தர்பூசணியைக் கையிலேந்தி, விரல்முட்டியால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டாள். கீழே வைத்தாள். "இது வேணாம், தம்பி. உள்ள சொதசொதன்னு இருக்கு. சத்தம் செத்துப் போச்சு" என்றாள் கடைப் பையனிடம். அவன் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். "காதுக்குள்ள மிஷினா வச்சிருக்கீங்கம்மா?" என்று சிரித்தான்.

"நான் என்ன? இந்தா நிக்கிறாரே, இவரு தட்டியே சம்பாரிச்ச ஆளு. கப்பல் கப்பலாத் தட்டியிருக்காரு. ஆனா பழத்த மட்டும் இவருகிட்டக் குடுத்துடாத. கேக்குற சத்தம் ஒண்ணு, சொல்றது வேற ஒண்ணு."

பையன் அதையும் வேடிக்கையாக எடுத்துக்கொண்டான். எனக்கு அந்தப் பட்டறை திரும்ப வந்தது. தூக்கியின் கீழே நான் தட்டியபோது அக்கா எங்கே நின்றாள்? வண்டிக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு. ஆயுளெல்லாம் தேங்காயையும் பலாப்பழத்தையும் தட்டி வாங்கியவள், ஒலியைப் பற்றி வகுப்பெடுத்தவள், அத்தனை கணீரையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். நானோ என் சுத்தியலைத் தவிர வேறு யாருக்கும் காது இல்லை என்று நினைத்திருந்தேன்.

சந்தையிலேயே ஓர் உணவுக்கடையில் உட்கார்ந்தோம். நுரைக்க ஆற்றிய பால் தேநீர், தே தாரிக், வந்தது. "அக்கா, அன்னிக்கு அந்தத் தரை நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன்.

"தெரியும்லா" என்றாள் தேநீரை ஆற்றிக்கொண்டே.

"அப்பவே ஏன் சொல்லல?"

"தவுக்கே முன்னால என் தம்பி பொய்யன்னு சொல்லணுமா? சொல்லியிருந்தா அதோட நீ என் வீட்டுப் படி ஏறியிருக்கமாட்ட. எனக்கு இருக்குறது நீ ஒருத்தன்." டம்ளரைக் கீழே வைத்தாள். "கோவம் இல்லன்னு நினைக்காதடா. அந்தக் கார் எனக்கு ரொம்பப் புடிச்சுது. ஒரு வருசம் உன் மூஞ்சியப் பாக்கவே புடிக்கல."

"அப்ப சீட்டு?"

"பரிசுன்னா நினைச்ச? தினமும் கண்ணு முன்னால இருக்கட்டும்னுதான் அனுப்புனேன். அந்தப் பக்கம் வந்து உக்காருன்னு எத்தன தடவ உன்னக் கூப்புட்டேன்!"

நான் மன்னிப்புக் கேட்டேன். பொறாமை என்ற வார்த்தையையும் சொன்னேன். இத்தனை வயதில் அந்த வார்த்தை வாயிலிருந்து வருவது பல் பிடுங்குவதுபோல் இருந்தது. அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. டம்ளரைக் காலிசெய்துவிட்டு, "நல்ல பழமா ஒண்ணு எடுத்துட்டுப் போலாம் வா" என்றாள்.

அடுத்த வாரம் மகனுடைய வேனில் இருக்கையை ஏற்றிக் காத்தோங்குக்குக் கொண்டுபோனேன். அக்காவின் வீட்டில் வலப்பக்க இருக்கை சன்னலைப் பார்த்து இருக்கிறது. அதன் விளிம்புகள் தேய்ந்து, சிவப்புத் தையல் வெளுத்துப்போயிருக்கிறது. தினமும் அதில் உட்கார்ந்துதான் செய்தி கேட்கிறாள். என்னுடையதை அதன் இடப்பக்கம் வைத்தேன். அவள் தன் இருக்கையில் ஏறி, வழக்கம்போல் பின்னலை முன்னால் போட்டுக்கொண்டாள். இடக்கையை இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே நீட்டிப் பார்த்தாள்.

"கியருக்கு இடமே விடலியே, என்ஜினியரு?"

நான் குனிந்து, பலகையை இரு கையாலும் பிடித்து, மூச்சு வாங்க ஒரு சாண் இழுத்தேன். அவள் மறுபடி கையை நீட்டிப் பார்த்துத் தலையசைத்தாள். பிறகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி உட்கார்ந்தேன். இவ்வளவு தாழ்வாக இருக்கும் என்று நினைக்கவில்லை. முழங்கால் மார்புக்கு வந்தது. தோள் இரண்டையும் யாரோ பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது. எதிரே சன்னல், அதற்கு அப்பால் மரங்களின் உச்சி.

"கூரையத் தொறக்கவா?" என்று கேட்டாள் அக்கா.

"தொற" என்றேன்.