தகர டின் சத்தத்துக்குத் திரும்பிய சிறுமி

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மே மாதம். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் பத்து நாள் பயிற்சி முகாம். காது கேளாத பிள்ளைகளில் சிலருக்குப் பார்வையும் குறைவாக இருக்கும். சிலருக்குக் கை கால் சரியாக வராது. அப்படி ஒன்றுக்கு மேற்பட்ட குறையுள்ள பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று மலைப்பள்ளி ஆசிரியர்கள் பதினொரு பேருக்கு நான் சொல்லித்தர வேண்டும். எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கீழே ஒரு காது கேளாதோர் பள்ளியில் ஆறு வருட அனுபவம், கையில் டிப்ளமா, தலையில் கொஞ்சம் கனம்.

முதல் நாள் முழுக்க நானே பேசித் தீர்த்தேன். கடைசி வரிசையில் ஒரு டிரில் மாஸ்டர், செங்கம் பக்கத்துக்காரர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தலை ஆடத் தொடங்கியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூங்குவதற்கு மலை ஏறி வரவேண்டுமா என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஒரு அம்மா தன் பெண்ணை முதுகில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார். சாமை விதைக்கிற குடும்பம். இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் அந்தப் பெண்ணுக்குக் காது போயிருந்தது. பார்வையும் மங்கல், வெளிச்சத்தில் ஆள் நிழல் தெரியும், அவ்வளவுதான். இப்போது வயது எட்டு. அங்கிருந்த விடுதிப் பள்ளித் தலைமையாசிரியர்தான் வரச் சொல்லியிருந்தார். "மேடம் பாத்து, படிக்க வைக்கலாம்னு எழுதிக் குடுத்தா ஜூன்ல சேத்துக்கறேன். இல்லன்னா எங்களால முடியாதும்மா" என்று என் முன்னாலேயே சொன்னார். அந்தப் பெண்ணின் படிப்பு என் பேனாவில் வந்து நின்றது.

பதினொரு பேரும் சுற்றி நிற்க, பெண்ணை நடுவில் உட்கார வைத்துக் காதைச் சோதித்தேன். எங்கள் பள்ளியில் மேளத்தை ஸ்டாண்டில் வைத்துப் பின்னாலிருந்து தட்டுவோம். இங்கே மேளத்துக்கு எங்கே போவது? காலி மண்ணெண்ணெய் டின் ஒன்றைத் தரையில் கவிழ்த்துக் குச்சியால் ஓங்கித் தட்டினேன். பெண் சட்டென்று திரும்பினாள். மறுபடி தட்டினேன். மறுபடி திரும்பினாள். மூன்றாம் தடவையும் அப்படியே.

"பாத்தீங்களா? காது ஓரளவு கேக்குது. கேட்டும் பேச்சு வரலைன்னா கோளாறு காதுல இல்லை, மூளை வளர்ச்சியில" என்று பாடம் நடத்தினேன்.

அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். "அதுக்கு சுத்தமா கேக்காதுங்க டீச்சரம்மா. எல்லாம் காலாலதான் தெரிஞ்சிக்கும். மாடு ஓடியாந்தா நமக்கு முன்னாடியே நவுந்துக்கும்."

பெற்றவர்கள் இப்படி ஏதாவது சொல்வது வழக்கம்தான் என்று ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, 'கொஞ்சம் செவித்திறன் உள்ளது, அறிவு வளர்ச்சி போதாது, பள்ளியில் சேர்ப்பதால் பயனில்லை' என்று எழுதித் தலைமையாசிரியரிடம் நீட்டினேன். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் என் முகத்தைப் படித்துவிட்டார். பெண்ணைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

மதியம் கை கழுவ வெளியே வந்தேன். வாசலில் புளியமரம், அதன் கிளையில் மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டு. அதற்கு நேர் கீழே, மண் தரையில் தாயும் மகளும் ஊர் திரும்பும் நடைக்கு முன்னால் கொஞ்சம் இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். சமையல்கார அம்மா சாப்பாட்டுக்காக இரும்புத் துண்டை ஓங்கி அடித்தார். எனக்கே காது அடைத்தது. மரத்தில் இருந்த காக்காய்கள் பறந்தன. அந்தப் பெண் அசையவில்லை. விரலால் மண்ணில் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

வாசல் வழியாக உள்ளே தரையைப் பார்த்தேன். நாங்கள் பயிற்சி நடத்திய பழைய கட்டடத்துக்குப் பலகைத் தளம். தரையில் வைத்து டின்னைத் தட்டினால் அத்தனை பலகையும் அதிரும். எங்கள் பள்ளியில் சிமெண்டுத் தரையும் ஸ்டாண்டும் இருந்ததால் ஆறு வருடமும் இதை யோசிக்க வேண்டியே வரவில்லை.

ஓடிப்போய் அந்த அம்மாவின் கையைப் பிடித்தேன். "கொஞ்சம் இருங்கம்மா, போயிடாதீங்க. நான்தான் தப்புப் பண்ணிட்டேன்."

எல்லாரையும் சாப்பாட்டிலிருந்து எழுப்பி வரவழைத்தேன். இரண்டு சாமை மூட்டைகளை வெளியே மண்ணில் அடுக்கி, கால் தரையில் படாமல் பெண்ணை மேலே உட்கார வைத்தேன். டின்னைக் கையில் தூக்கிப் பிடித்து அவள் பின்னால் நின்று கை வலிக்கத் தட்டினேன். திரும்பவே இல்லை. "காலைல நான் சொன்னது தப்பு" என்று பதினொரு பேரிடமும் சொன்னேன். சொல்லும்போது முகம் எரிந்தது.

டிரில் மாஸ்டர் நோட்டைப் பிரித்தார். "அதிர்வுல திரும்புற புள்ளய காது கேக்குதுன்னு நெனச்சி ஏமாந்துடக் கூடாதுன்னு நேத்தே சொன்னீங்களே மேடம்? எழுதி வச்சிருக்கேன் பாருங்க."

தூங்கினவர் எழுதியிருந்தார். விழித்திருந்த நான் மறந்திருந்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

தலைமையாசிரியரிடம் போய்த் தாளைத் திரும்பக் கேட்டேன். அவர் லேசில் தரவில்லை. "காலைல ஒண்ணு, மதியம் ஒண்ணு சொல்றீங்க. புத்தி இருக்குன்னு எப்படி நம்பறது?"

"மாடு வர்றதைக் காலாலயே கண்டுபிடிக்கிற பொண்ணுக்குப் புத்தி இல்லைன்னா வேற யாருக்கு இருக்கு சார்?"

அவர் யோசித்தார். "சரி, முகாம் முடியறதுக்குள்ள ஏதாவது ஒண்ணு கத்துக்கட்டும். என் கண்ணால பாத்தா சேத்துக்கறேன்."

அன்றோடு என் சொற்பொழிவுகள் முடிந்தன. தாயும் மகளும் அங்கேயே தங்கினார்கள். பெண்ணின் கால் அறியும் மொழியிலேயே அவளிடம் பேசுவது என்று எல்லாருமாக முடிவு செய்தோம். பலகையில் ஓங்கி மிதித்தால் 'வா' என்று அர்த்தம். மிதிக்கிற பொறுப்பு டிரில் மாஸ்டருக்கு. அவரைவிட அதற்கு ஆள் ஏது? மிதிப்பார், உடனே ஒரு டீச்சர் பெண்ணைக் கைப்பிடித்து அழைத்து வருவார். சாப்பாட்டுக்கு முன் கரண்டியையும் குளிக்கும் முன் சொம்பையும் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்க வைத்தோம். ஆசிரியர்களே முறை வைத்துக்கொண்டார்கள், அவர்களே சண்டை போட்டுக்கொண்டார்கள். ஐந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஆறாம் நாள் மிதித்ததும், யாரும் கைபிடிக்காமல் அவளே எழுந்து வந்தாள். டிரில் மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தூசி என்றார்.

கடைசி நாள் தலைமையாசிரியர் வந்து நாற்காலியில் அமர்ந்தார். தாய் பக்கத்தில் இருந்தால் பெண் ஒட்டிக்கொள்வாள் என்று அந்த அம்மாவைச் சற்றுத் தள்ளி வாசற்பக்கம் போய் உட்காரச் சொன்னோம். பார்க்கத் தைரியமில்லாமல் அவர் வெளியே பார்த்தபடி இருந்தார். டிரில் மாஸ்டர் மிதித்தார். பெண் எழவில்லை. இன்னொரு தரம் மிதித்தார். அவள் இரண்டு கையாலும் பக்கத்துப் பலகையைத் தடவித் தாயைத் தேடினாள். தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார்.

பெண் எழுந்து நின்றாள். வலது காலைத் தூக்கினாள். ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

வாசலில் அந்த அம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். எங்களில் யாரோ மிதித்திருப்பார்கள் என்று எங்களைப் பார்த்தார். பெண் மறுபடி மிதித்துவிட்டு, கையை முன்னால் நீட்டிக் காத்திருந்தாள்.

"என்னியா? என்னியா கூப்புடுது?" என்று கேட்டுக்கொண்டே அவர் எழுந்து ஓடிவந்தார். காய்ச்சலுக்குப் பிறகு ஆறு வருடத்தில் மகள் அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

தலைமையாசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "ஜூன் மாசம் கூட்டினு வாம்மா."

அதன்பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டேன். என் தவறைச் சொல்லாமல் எந்த வகுப்பையும் தொடங்கியதில்லை. ஆனாலும் அந்தப் பெண் காலை ஓங்கிய நொடியில், அடுத்து என்ன செய்வது என்று பதினொரு பேரில் ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை, எல்லார் கண்ணும் அவள் மேலேயே இருந்தது என்பதைத்தான் இன்றைக்கும் என் பெரிய பெருமையாக நினைத்துக்கொள்கிறேன்.