ட்ரம்பெட்டுக்கு வாய் கழுவியவள்

ஸைனம்புவுக்குக் கசம் என்கிற காசநோய் வந்து மாறிய பிறகும் அவளுடைய கணவன் ஆதம்பாவா தன் இனாமல் கோப்பையைத் தனி ஆணியில்தான் மாட்டி வைத்தான். மட்டக்களப்பு ஆசுபத்திரியில் ஊசியும் குளிசையுமாக மாதக்கணக்கில் கிடந்தவள், இனிப் பயமில்லை, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் சாய்ந்தமருதுக்குத் திரும்பியிருந்தாள். ஆனால் அவள் ஊற்றிய தேத்தண்ணியை ஆதம்பாவா தொடவில்லை. தன் கோப்பையைத் தானே கழுவி, தானே ஊற்றிக் குடித்தான். சில வாரங்கள் பொறுத்துப் பார்த்தவள் ஒருநாள் அந்தக் கோப்பையை ஆணியிலிருந்து எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"இத எடுத்துக்கிட்டு ஒங்கட உம்மாட ஊட்டயே போங்க."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. ஆகையால் வெளியேறியவன் அவன்தான். அது எழுபத்தொன்பதாம் ஆண்டு.

அடுத்த வருடம் கல்முனைப் பக்கத்துப் பெண்கள் பாடசாலை ஒன்றில் அவளுக்குத் தற்காலிகச் சிற்றூழியர் வேலை கிடைத்தது. மணி அடிக்க வேண்டும், வகுப்புகளைக் கூட்ட வேண்டும், கிணற்றில் தண்ணீர் அள்ளி வைக்க வேண்டும். அதிபர் றாஹிலா டீச்சர் நோயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "காலையில நேரத்துக்கு வருவியா?" என்று மட்டும் கேட்டார். "ஓம்" என்றாள் ஸைனம்பு.

அந்தப் பாடசாலையில் மேளம் மட்டும் அடிக்கும் சிறிய பாண்ட் ஒன்று இருந்தது. எண்பத்திரண்டில், கொழும்பில் கலைக்கப்பட்ட ஏதோவொரு கம்பனி பாண்டின் மூன்று ட்ரம்பெட்டுகள் பெட்டியோடு வந்து சேர்ந்தன. காரைதீவிலிருந்து வந்து சங்கீதம் படிப்பித்த செல்லத்தங்கம் டீச்சர் பெட்டியைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார். குழல்கள் மங்கியிருந்தன, அவ்வளவுதான். அவற்றின் நுனியில் செருகி உதடு வைத்து ஊதும் பித்தளைக் கிண்ணங்கள்தான் மோசம். ஊதுவாய் என்றார் டீச்சர். உள்ளே பச்சைக் களிம்பு. துளையில் எந்தக் காலத்து எச்சிலோ காய்ந்து கட்டியாகி அடைத்துக் கிடந்தது. பிள்ளைகள் சீ என்று விலகினார்கள்.

"தாங்க டீச்சர், நான் பார்க்கிறன்" என்று கையை நீட்டினாள் ஸைனம்பு.

சுடுதண்ணீரில் சவர்க்காரம் கரைத்து அவற்றை ஊறப் போட்டாள். ஈர்க்கிலின் நுனியில் பழஞ்சீலைத் துண்டைச் சுற்றித் துளைக்குள் விட்டு உருவ உருவக் கறுப்புத் தண்ணீர் வந்தது. தெளிந்த தண்ணீர் வரும்வரை விடவில்லை. இரண்டு ஊதுவாய்கள் வெறும் பித்தளை. அவற்றுக்குப் பழப்புளி போட்டுத் தேய்த்தாள். மற்றதில் வெள்ளிப் பூச்சு இருந்தது. புளி பட்டால் கெட்டுவிடுமோ என்று அதற்குச் சவர்க்காரமும் மெல்லிய துணியும்தான். பித்தளை இரண்டின் வெளிப்புறத்துக்கு பிராசோ மினுக்குத் திரவம். மினுக்கிய பிறகு எல்லாவற்றையும் மறுபடி கழுவிக் கொதிதண்ணீரில் முக்கி எடுத்து, வெள்ளைத் துணியில் கவிழ்த்து வைத்தாள். அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஒருவர் வாயில் படும் பொருளை அவளை நம்பிக் கொடுத்தது அந்தப் பாடசாலைதான்.

பிள்ளைகள் ஊதத் தொடங்கினார்கள். முதலில் எருமைக்கன்று கத்துவதுபோல்தான் இருந்தது. மருதமுனை நெசவுக்காரர் மகள் சுல்பிகாவின் வாயில் மட்டும் சத்தம் சீக்கிரமே நிமிர்ந்தது. மதில் தாண்டி அது பஸாருக்குப் போனபோது கதையும் கூடவே போனது.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் அச்சிமுகம்மது ஹாஜியார் பெரிய ஆள். கெட்டவர் அல்ல, அந்த மதிலைக் கட்டிக் கொடுத்ததே அவர்தான். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"ஆரோ அந்நிய ஆம்புளையள் வாய் வெச்ச சாமான். அதக் கழுவிறது ஆரு? கசம் புடிச்ச பொம்புள. அதிலயா எங்கட கொமருப் புள்ளையள் வாய் வெக்கிற?"

எல்லாத் தலைகளும் பின்பக்கம் திரும்பின. கதவடியில் தண்ணீர்ச் செம்போடு நின்ற ஸைனம்புவுக்குக் காது இரண்டும் சுட்டன. ஓடிப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு செம்பைக் கீழே வைத்துவிட்டு, சீலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டு, கதிரைகளுக்கு நடுவே நடந்து முன்னால் வந்தாள்.

"ஹாஜியார், எனக்குக் கசம் வந்ததும் உண்மை, மாறினதும் உண்மை. வந்தத மட்டும் ஊரெல்லாம் கதைக்கிறீங்க. மாறினத ஏன் ஒருத்தரும் கதைக்கிறயில்ல?"

"புள்ள, நான் உன்னக் குத்திக் கதைக்கல்ல—"

"மறுகா ஆரக் குத்தினீங்க? பஸார்ல தேத்தண்ணி குடிக்கக்குள்ள, இந்தக் கோப்பையில முந்தி வாய் வெச்சது ஆரு எண்டு கேட்டுப்போட்டா குடிக்கிறீங்க? கழுவினா சரிதானே? நான் கழுவினா மட்டும் ஏன் சரிவராது?"

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் ஹாஜியாருக்குப் பொறுக்கவில்லை. ட்ரம்பெட் விஷயம் முடிவாகாமலே கூட்டம் கலைந்தது. ஆனால் ஸைனம்புவை வேலையிலிருந்து நிறுத்த வேண்டும் என்பதில் சங்கத்து ஆண்கள் எல்லோரும் ஒரே குரல்.

அடுத்த நாள் காலை அவள் வழமைபோல வந்தாள். கேற்றடியில் ஹாஜியார் நின்றிருந்தார்.

"உன்ன வரவேணாமெண்டு சொன்னதுதானே?"

"சொன்னீங்க. நான் ஓமெண்டு சொல்லல்லியே."

அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். றாஹிலா டீச்சர் அலுவலகத்துக்குள் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் உன்ன வா எண்டும் சொல்லல்ல, போ எண்டும் சொல்லல்ல, விளங்குதா?" என்றார். ஸைனம்புவுக்கு நன்றாகவே விளங்கியது. மணியை அடித்துவிட்டுக் கேத்தலை அடுப்பில் வைத்தாள்.

அந்தக் கிழமையே ட்ரம்பெட் ஊதிய இரண்டு பிள்ளைகளை வீட்டார் மறித்துவிட்டார்கள். சுல்பிகாவின் உம்மா சபியா உம்மாவும் ஒரு நாள் வந்தாள். இவளும் மகளை மறிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தாள் ஸைனம்பு. வந்தவள் நேரே போய் பாண்ட் அறை வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். ஸைனம்பு ஊதுவாய்களை எடுத்தாள். மிச்சம் வைக்காமல், வேகம் கூட்டாமல், எப்போதும் செய்வதுபோலவே செய்தாள்: ஊறவைத்தாள், உருவினாள், தேய்த்தாள், கழுவினாள், கொதிதண்ணீரில் முக்கினாள். துணியில் கவிழ்த்ததும் சபியா உம்மா எழுந்து வந்து ஓர் ஊதுவாயைக் கையில் எடுத்தாள். நெசவு பார்க்கும் கண். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் துளைக்குள்ளால் பார்த்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டாள்.

"இந்தா. ஊது."

வாசலில் செருப்பை மாட்டும்போது, "என்ட ஊட்டுச் சட்டியும் இப்படி மினுங்கிறயில்ல கா" என்றாள்.

பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டியன்று மூன்று ட்ரம்பெட்டில் ஒன்றுதான் ஒலித்தது. மேளங்களுக்கு முன்னால் சுல்பிகா தனியே நடந்தாள். முதல் ஊது பிசகியது. செல்லத்தங்கம் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். பிள்ளை உதட்டை நக்கிவிட்டு மறுபடி ஊதினாள். இம்முறை கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும். பந்தலில் இருந்த ஹாஜியார் கை தட்டவில்லை. எழுந்து போகவும் இல்லை. மைதானத்து ஓரத்தில் வாளியோடு நின்ற ஸைனம்பு, வாளியை விட்டுவிட்டுப் பலமாகக் கை தட்டினாள். பக்கத்தில் நின்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் பலமாகத் தட்டினாள்.

மறித்த வீட்டாரில் ஒருவர் பிள்ளையைத் திரும்ப அனுப்பினார். மற்றவர் கடைசிவரை அனுப்பவில்லை. எண்பத்தைந்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் கலவரம் வந்து காரைதீவுப் பாதை மூடியபோது செல்லத்தங்கம் டீச்சரால் வரமுடியவில்லை. ஊதிப் பழகும் நாட்களில் ஸைனம்பு பாண்ட் அறையைத் திறந்து வைத்தாள். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுத்தார்கள். பாதை திறந்து டீச்சர் திரும்பியபோது ஊதத் தெரிந்தவர்கள் ஐந்து பேர். அடுத்த வருடம் ஸைனம்புவின் வேலை நிரந்தரமானது. யாரிடமும் அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, ஹாஜியாரும் அவளிடம் கேட்கவில்லை. தெருவில் கண்டால் இருவரும் ஸலாம் சொல்லிக்கொள்வார்கள்.

ஒரு சுதந்திர தினத்தன்று பல பாடசாலைகளின் பாண்டுகள் ஊர்வலத்துக்காக மைதானத்தில் கூடியிருந்தன. ஸைனம்பு மரநிழலில் கேத்தலும் துணியுமாக இருந்தாள். ஆண்கள் பாடசாலையொன்றின் பாண்ட் மாஸ்டர் கை நிறைய ஊதுவாய்களை அள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

"அவசரம் ராத்தா, இதையும் ஒருக்காக் கழுவித் தாங்களேன்."

அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"எங்கட புள்ளையள்ர முடியட்டும். வரிசையில நில்லுங்க."

மாஸ்டர் நின்றார்.